மசாஜ் இருக்கட்டும், இன்ச் டேப்பை எடுங்கள்

கேள்வி: வயது 42. சென்னையில் 21 கி.மீ. ஓடிவிட்டு அன்று இரவே பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மறுநாள் இரண்டு தொடையும் கடுத்தன, பிறகு சரியாகிவிட்டது. இன்று ஐந்தாம் நாள். இடது கெண்டைக்காலில் மட்டும் வலி, லேசான வீக்கம். லாக்டிக் அமிலம் தேங்கி முடிச்சு விழுந்திருக்கிறது, அழுத்தி மசாஜ் செய்தால் போய்விடும் என்கிறாள் தோழி. மசாஜ் செய்தால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரே போகும் என்கிறது ஒரு வீடியோ. பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. வேறு தொந்தரவு இல்லை. ஓட்டத்துக்காக நாள் தள்ளிப்போடும் மாத்திரை போட்டேன், அவ்வளவுதான். மசாஜ் செய்யலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போது வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குப் போய் அந்தக் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்; ரத்தக் குழாயில் கட்டி இருக்கிறதா என்று அதில் தெரியும். கடிதம் கிடைத்த உடனே இதைத் தனியாகவும் எழுதி அனுப்பிவிட்டேன்.

‘அவ்வளவுதான்’ என்று முடித்தீர்களே, அங்கேதான் என் கண் நின்றது. கல்யாணம், கோயில், இப்போது மாரத்தான் என்று எதற்கெடுத்தாலும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்குகிறோம். பெரும்பாலும் அது நார்எதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து. தினம் மூன்று வேளை போடும்போது அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. அதோடு வியர்த்து நீர் வற்றிய உடம்பு, ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப்போட்ட பயணம். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

ஓட்டத்தால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த் தணியும். உங்கள் தொடை வலி அப்படித்தான் வந்துபோனது. கெண்டைக்கால் வலி அந்தக் கணக்கில் வரவில்லை. தாமதமாக, ஒரு காலில் மட்டும், வீக்கத்தோடு வந்திருக்கிறது. ஓடுகிறவர்கள் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலின் சுற்றளவையும் இன்ச் டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, கட்டை விரலால் அழுத்தினால் ஒரு காலில் மட்டும் குழி விழுந்தாலோ, அது தைலம் தேய்க்கிற கால் அல்ல. அளவு குறைவாக இருக்கிறதே என்று நீங்கள் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தால், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

வீடியோ சொன்னது பாதி உண்மை. மசாஜ் நல்ல காலில் கட்டியை உண்டாக்கிவிடாது. ஆழமான ரத்தக் குழாயில் ஏற்கெனவே கட்டி இருந்து, அதைப் பிசைந்தால்தான் ஆபத்து. அதனால்தான் நல்ல பிசியோ கை வைப்பதற்கு முன் இரண்டு காலையும் பார்ப்பார். பார்க்காமலே எண்ணெயை ஊற்றுகிறவரிடம் படுக்காதீர்கள்.

லாக்டிக் அமிலத்தை விட்டுவிடுங்கள். ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்தில் அது போய்விடும். 2012இல் கனடாவில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு தொடைக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடையிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த தொடையில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் மாற்றமில்லை. வலியும் இறுக்கமும் கொஞ்சம் குறையும், நன்றாகத் தூங்குவீர்கள். ஓட்டத்தின் வேகம் அதனால் கூடாது. இந்த அளவுக்கு மசாஜ் நல்லதுதான், நானே பலருக்குச் சொல்கிறேன்.

ஸ்கேனில் கட்டி இல்லை, வீக்கமும் வடிந்துவிட்டது என்றால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். பல்லைக் கடித்துப் பொறுக்கும் அளவுக்கு அழுத்தத் தேவையில்லை. ஸ்கேன் சரியாக இருந்தும் வலி விடவில்லையென்றால் ஒரு வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், தட்டாதீர்கள். அதுவரை வலி மாத்திரையும் நீங்களாகப் போட வேண்டாம்.

போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாள் போட்டீர்கள் என்பதையும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.