ஜிபிஎஸ் எட்டாத கடலடியில் ஆளில்லா வாகனங்கள் தங்கள் இடத்தை எப்படி அறிகின்றன?

என் தாத்தா கடலூர் முதுநகரில் படகு ஓட்டியவர். வலை போட்ட இடத்துக்கு மறுநாள் திரும்பிப் போகக் கரையைத்தான் பார்ப்பார். கலங்கரை விளக்கத்துக்கு நேர் பின்னால் எந்தப் பனை நிற்கிறது, கோபுரம் எந்தத் தோப்புக்கு மேல் தெரிகிறது என்று இரண்டு கோடு பிடிப்பார். அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் அவர் இடம். நீங்கள் கேட்கும் வாகனமும் கரைக்குப் பதில் ஒலியை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இதையே செய்கிறது.

ரேடியோ அலை உப்பு நீரில் உடனே மடிந்துவிடும். ஒலியோ கிலோமீட்டர் கணக்கில் போகும், நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். கடலடியில் இடம் தெரிந்த மூன்று நான்கு கருவிகளை நிறுத்திவிட்டால், வாகனம் குரல் கொடுக்கும், அவை பதில் சொல்லும். பதில் வர 2 நொடி ஆனால் தூரம் 1,500 மீட்டர். ஆழத்தை அழுத்தமானியே காட்டிவிடும்.

ஒலியின் நிதானம்தான் தலைவலி. அந்த 2 நொடிக்குள் வாகனம் சில மீட்டர் நகர்ந்திருக்கும். பத்து வாகனங்கள் ஒரே நேரத்தில் பேசினால் துறைமுக மீன் ஏலம்தான், ஒன்றும் புரியாது. முறை வைத்தாலோ காத்திருந்தே பொழுது போகும். எனக்குப் பிடித்த வழி வேறு: எல்லாவற்றிலும் கடிகாரத்தை ஒத்துவைத்துவிட்டு, மேலே ஜிபிஎஸ் உள்ள படகு ஒன்று தன் இடத்தையும் நேரத்தையும் ஒருமுறை கூவினால் போதும். பத்தும் கேட்டுத் தத்தம் தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். கடிகாரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் ஒன்றரை மீட்டர் பிழை. இரண்டு கூவலுக்கு நடுவே, தரையில் ஒலியை மோதவிட்டுத் தன் வேகத்தை அளந்தபடி ஒப்பேற்றும்.

கல்லூரி இறுதியாண்டில் இதைச் சிமென்ட் தொட்டியில் செய்து பார்த்தோம். ஒரு 'டிக்' அனுப்பினால் ஒலிவாங்கியில் ஏழெட்டு 'டிக்' விழுந்தது. கருவி பழுது என்று இரண்டு நாள் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். சுவரும் தரையும் நீர்ப்பரப்பும் திருப்பி அனுப்பிய எதிரொலி என்று பிறகுதான் புரிந்தது. தேவனாம்பட்டினம் கரையோரம் போல ஆழம் குறைந்த கடலிலும் இதே தொல்லைதான்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் சேரும். கெடிலமும் பெண்ணையாறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, மேலே உப்பு குறைந்த நீர் படர்ந்து ஒலியின் பாதையே வளைந்துவிடும். அதனால் உப்பையும் வெப்பத்தையும் அங்கேயே அளந்து வேகத்தைத் திருத்த வேண்டும். கோடையில் நம் வங்கக் கடலின் மேல்நீரில் அது 1,540 மீட்டரை எட்டும். புத்தகத்தில் உள்ள 1,500-ஐப் போட்டு இறங்கினால், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 40 மீட்டர் தள்ளித்தான் வாகனத்தைத் தேட வேண்டியிருக்கும்.