பத்து யூரோவுக்குள் இத்தாலிய ஒயின்: எதை வாங்குவது, எப்படி ருசிப்பது?

கேள்வி: மிலானில் மேற்படிப்பு படிக்கிறேன். ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசை. சூப்பர் மார்க்கெட்டில் 5 முதல் 10 யூரோவுக்குள் ஏகப்பட்ட பாட்டில்கள் இருக்கின்றன. பெயர்களே குழப்புகின்றன. அதிகம் செலவழிக்காமல் எப்படிப் பழகுவது?

பதில்: இந்த விலையில் புகழ்பெற்ற பெயர்களைத் தேடாதீர்கள். பரோலோ என்ற சிவப்பு ஒயினை விற்பனைக்கு முன் குறைந்தது 38 மாதம் முதிர வைக்க வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில் என்பது விதி. அமரோனே என்ற இன்னொரு சிவப்பு ஒயினுக்குத் திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். இத்தனை செலவு பிடிக்கும் ஒயினை அடிமாட்டு விலைக்குத் தந்தால் எங்கோ தரத்தில் கைவைத்திருப்பார்கள். மாறாக, 8 யூரோ வாக்கில், சிவப்பில் பார்பெரா த'ஆஸ்தி, மோன்தெபுல்ச்சானோ த'அப்ருட்சோ; வெள்ளையில் சோவாவே கிளாசிகோ, வெர்திக்கியோ ஆகியவை தாராளமாகத் தரமானவையாகக் கிடைக்கும்.

லேபிளில் சில ஒயின்களுக்குத் திராட்சையின் பெயர், சிலவற்றுக்கு ஊரின் பெயர், சிலவற்றுக்கு இரண்டும் இருக்கும். பார்பெரா திராட்சை, ஆஸ்தி ஊர். சோவாவே ஊர் மட்டுமே. உள்ளே இருப்பது பெரும்பாலும் கர்கனேகா திராட்சை. எல்லோரும் தடுக்கி விழும் இடம் மோன்தெபுல்ச்சானோ. அப்ருட்சோ வட்டார ஒயினில் அது திராட்சையின் பெயர். தஸ்கனியின் 'வீனோ நோபிலே தி மோன்தெபுல்ச்சானோ'வில் அது ஊரின் பெயர். அந்த ஒயினின் முக்கியத் திராட்சை சாஞ்சோவேசே. டிஓசி, டிஓசிஜி முத்திரைகள் எந்த ஊர், எந்த விதிப்படி தயாரித்தது என்பதற்குத்தான் உறுதி. ருசிக்கு மதிப்பெண்ணாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கிளாசிகோ' என்றிருந்தால் அந்த வட்டாரத்தின் பழைய, மையப்பகுதித் தோட்டங்களில் விளைந்தது. சோவாவேயில் அந்தச் சொல்லுக்காக ஓரிரு யூரோ கூடுதலாகக் கொடுக்கலாம். மலிவு விலை வெள்ளை ஒயினில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் பழையது வேண்டாம்.

ருசி பிடிபட ஒரே வழி, இரண்டு பாட்டிலை ஒரே நேரத்தில் திறப்பதுதான். ஒன்றை மட்டும் குடித்தால் 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தாண்டிச் சொல்ல எதுவும் தோன்றாது. நான்கு பேர் சேருங்கள். ஒரே மாதிரியான, வாய் சற்றுக் குறுகிய கிளாஸ்களில் ஆளுக்கு 50 மில்லி வீதம் இரண்டையும் ஊற்றுங்கள். மொத்தம் 400 மில்லிதான் செலவாகும், மீதி சாப்பாட்டுக்கு. முதல் ஜோடி பார்பெராவும் மோன்தெபுல்ச்சானோ த'அப்ருட்சோவுமாக இருக்கட்டும். கிளாஸைச் சுழற்றி முகர்ந்துவிட்டு, ஒரு மடக்கை வாயில் ஐந்து விநாடி நிறுத்தி விழுங்குங்கள், அல்லது துப்புங்கள். பார்பெராவில் கன்னத்தின் உட்புறம் எச்சில் ஊறும், அது புளிப்பு. மற்றதில் மேல் ஈறும் உதடும் ஒட்டி வறளும்; அது துவர்ப்பு. இந்த இரண்டும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் சிவப்பு ஒயினில் பாதி புரிந்த மாதிரி. அடுத்த ஜோடியாகத் தஸ்கனியின் சிவப்பு ஒயினான கியாந்தியையும் தெற்கே புலியா வட்டாரத்தின் ப்ரிமிதிவோவையும் வையுங்கள். முன்னதில் புளிப்புச் செர்ரி, பின்னதில் கனிந்த பழமும் தொண்டையில் ஆல்கஹாலின் சூடும் தெரியும்.

நல்ல ஒயினும் தவறான வெப்பநிலையில் மோசமாகத்தான் இருக்கும். சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்பது மிலான் கோடைக்குப் பொருந்தாது. 28 டிகிரியில் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், பழ வாசனை தெரியாது. கோடையில் ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, 16 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். வெள்ளைக்கு நேர்மாறு: பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வாசனை அடங்கிப்போயிருக்கும். 20 நிமிடம் வெளியே வைத்தால் வெர்திக்கியோவின் கடைசியில் வரும் பாதாம் கசப்பு தெளிவாகத் தெரியும். அந்தக் கசப்பு குறையில்லை, அந்தத் திராட்சையின் குணம்.

குறை என்றால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. கார்க்கில் வரும் கெடுதி அது, காற்றாட விட்டாலும் போகாது. ரசீது இருந்தால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.

தக்காளி சாஸ் போட்ட பாஸ்தாவுக்குப் புளிப்புள்ள பார்பெரா அல்லது கியாந்தி சரி. புளிப்பு குறைந்த ஒயின் அதன் பக்கத்தில் சப்பென்று ஆகிவிடும். காரக்குழம்பு வைக்கும் நாளில் ப்ரிமிதிவோவைத் தொடாதீர்கள், ஆல்கஹால் காரத்தைக் கிளப்பிவிடும். லேசான இனிப்புள்ள, நுரைக்கும் லம்ப்ருஸ்கோ 'அமாபிலே'யைக் குளிர்ச்சியாக வையுங்கள். ப்ரோசெக்கோ என்னும் நுரைக்கும் ஒயினை வாங்கும்போதும் கவனம்: லேபிளில் இனிப்பின் அளவைக் குறிக்கும் சொற்களில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருப்பது 'ப்ரூட்'டைவிட இனிப்பானது.

மிஞ்சியதை 375 மில்லி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிப் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். சிவப்பையும் அப்படியே. பாதி காலியான பெரிய பாட்டிலில் விட்டால் உள்ளே இருக்கும் காற்றே மறுநாள் வாசனையைத் தின்றுவிடும்.