எந்த சிம்முக்கு மாறுறது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மகள் ஓ.எல் படிக்கிறா, பின்னேரம் சூம் க்ளாஸ். ஃபோன்ல சிக்னல் கோடு எல்லாம் நிறைய நிக்குது, ஆனா ஏழு மணியானா சேர்ட குரல் வெட்டி வெட்டித்தான் வருது. டயலொக், மொபிடெல், ஹட்ச், எயார்டெல் எண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுறாங்க. எதுக்கு மாறுறது?
- ஒரு தாய், நிலாவெளி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த நாலுல ஒண்டக் கழிச்சு விடுங்க. முந்தி இருந்த எடிசலாட் கம்பனிய 2018ல ஹட்ச் வாங்கிட்டு, எயார்டெல்லும் 2024ல டயலொக்கோட சேர்ந்திட்டு, இப்ப மிச்சம் மூண்டு கம்பனிதான். டயலொக்கிட 077ம் எயார்டெல்ட 075ம் போட்டுக்கொண்டு ரெண்டு கம்பனி சிம் இருக்கெண்டு நம்பியிருக்கிற ஆக்களுக்கும் இதச் சொல்லுங்க.

கோடு நிறைய இருந்தும் ராவில மட்டும் இழுக்குதெண்டா அனேகமா டவர்ல ஆக்கள் கூடிட்டு. ஒரு டவர்ல இருக்கிற டேட்டாவத்தான் அந்தப் பக்கத்து எல்லாரும் பங்கு போடோணும், சீசனுக்கு ஹோட்டல் எல்லாம் நிறைஞ்சா உங்கட பக்கம் இன்னும் மோசம். அதால காலமை பத்து மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் அடிச்சுப் பாத்து சிம் வாங்காதீங்க, க்ளாஸ் நடக்கிற அதே நேரம், பிள்ளை இருந்து படிக்கிற அதே அறையில, பக்கத்து வீட்டாக்கள்ட வேற கம்பனி சிம்மில ஹொட்ஸ்பொட் போட்டுத் தரச் சொல்லி ஒரு க்ளாஸ் முழுக்க ஓட்டிப் பாருங்க. எது வெட்டாம ஓடுதோ அதுதான் உங்கட வீட்டுக்கு நல்ல சிம், உப்புவெளியில இருக்கிற தம்பிக்கு நல்லா வேலை செய்யிறது உங்களுக்கும் செய்யுமெண்டில்ல.

சிக்னல் கோட்டையும் நம்பாதீங்க. அன்ட்ரொய்ட் ஃபோனெண்டா செட்டிங்ஸ்ல எபவுட் ஃபோனுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ் எண்டு இருக்கும், அதில -85, -110 மாதிரி ஒரு இலக்கம் வரும். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தா நல்லம், பத்து குறைஞ்சா சிக்னல்ட பலம் பத்தில ஒண்டாப் போகுது. ஃபோனத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்க. கொங்கிரீட் அறைக்குள்ள -112 காட்டுறது ஜன்னலடியில -95 ஆகலாம், அப்பிடியெண்டா மேசைய அங்க இழுத்துப் போடுங்க, சிம் மாத்தத் தேவை வராமலும் போகலாம்.

கேள்வி: கம்பனி வெப்சைட்ல கவரேஜ் மெப்ல எங்கட இடம் கலரடிச்சு இருக்கு, வீட்டுக்குள்ள ஒண்டுமில்லையே?
- மூதூர் வாசகர்

பதில்: அந்த மெப் அனேகமா கணக்குப் போட்டுக் கீறினது தம்பி, வெளியில நிக்கிற ஃபோனுக்குத்தான் சரிவரும். கம்பனிகள் சிக்னல் அனுப்புற அலைவரிசையில 900 மெகாஹேர்ட்ஸ் தூரமும் போகும் சுவரையும் தாண்டும், 1800ம் 2100ம் சுவரோட கனக்கக் குறைஞ்சிடும். கடைக்காரரிட்ட வாங்க முதல் உங்கட தெருவில யாரிட்ட அந்த சிம் இருக்கெண்டு விசாரிச்சு, அத வீட்டுக்குள்ள கொண்டுவந்து ஒரு கோல் எடுத்துப் பாருங்க.