கிட் திட்டத்தில் சி நிரல் தெரியாதவர் ஷெல் சோதனை ஸ்கிரிப்டுகளை மட்டும் ரிவ்யூ செய்ய முடியுமா?

முடியும். நான் செய்துகொண்டிருக்கிறேன். கிட் என்றால் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள், ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல், ரிவ்யூ என்றால் ஒருவர் அனுப்பும் மாற்றத்தை இன்னொருவர் சரிபார்ப்பது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், "ஸ்கிரிப்ட் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. நானும் அதைக் கேட்டவன்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சென்னையில் சில வருடம் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊரோடு வந்து சேர்ந்தேன். பொழுது போகாத ஒரு மழைக்காலத்தில்தான் கிட்டின் மூல நிரலைப் பிரித்துப் பார்த்தேன். சி பக்கம் போனால் தலை சுற்றியது. ஆனால் 'டி' என்று ஒற்றை எழுத்துப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் நூற்றுக்கணக்கில் ஷெல் ஸ்கிரிப்டுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண். 4-ல் தொடங்கினால் டிஃப் (வித்தியாசம் காட்டுவது) சம்பந்தப்பட்டது, 5-ல் தொடங்கினால் புல், புஷ் (மாற்றங்களை வாங்குவது, அனுப்புவது) வகையறா. இது நம்மால் முடியும் என்று தோன்றியது.

முதல் ரிவ்யூவில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். ஒருவர் ஒரு பேட்ச், அதாவது நிரலில் சேர்க்க ஒரு மாற்றம், அனுப்பியிருந்தார். ஒரு பிராஞ்சை (நிரலின் தனிக் கிளையை) அழித்த பிறகு அதன் பெயர் பட்டியலில் வரக்கூடாது, அதற்கான சோதனை. நான் வரி வரியாகப் படித்தேன். எழுத்தை வெளியே காட்டும் 'எக்கோ -என்' எல்லா ஷெல்லிலும் ஒரே மாதிரி நடக்காது, பிரிண்ட்எஃப் போடுங்கள் என்றேன். ஃபைலை அதே இடத்தில் திருத்தும் 'செட் -ஐ' (sed -i) மேக்கில் வேறு மாதிரி நடக்கும் என்றேன். டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருக்கிறது என்றேன். எல்லாம் சரியான குறைகள்தான், இப்போதும் சொல்வேன். கடைசியில் "மற்றபடி நன்றாக இருக்கிறது" என்று முடித்துவிட்டு, பெருமையாகப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் இன்னொருவர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: இந்தச் சோதனை தோற்று யாராவது பார்த்தீர்களா?

விஷயம் இதுதான். பிராஞ்ச் பட்டியலை 'ஆக்சுவல்' என்ற ஃபைலில் எழுதிவிட்டு, 'அவுட்புட்' என்ற ஃபைலில் தேடியிருந்தார்கள். அப்படி ஒரு ஃபைலே கிடையாது. ஃபைலுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை கிரெப். தேடியது கிடைத்தால் அது தரும் முடிவு 0 (வெற்றி), கிடைக்காவிட்டால் 1, ஃபைலையே காணோம் என்றால் 2 (இரண்டும் தோல்வி). முன்னால் ஆச்சரியக்குறி போட்டுவிட்டால் முடிவு தலைகீழாகும்: 1 வந்தாலும் வெற்றி, 2 வந்தாலும் வெற்றி. பிராஞ்சை அழிக்காமலே விட்டிருந்தாலும் "ஓகே" என்றுதான் வந்திருக்கும். 'ஃபைல் இல்லை' என்ற செய்தி வரத்தான் செய்தது, ஆனால் விவரமாகக் காட்டச் சொல்லும் '-வி' போட்டு ஓட்டினால்தான் திரையில் தெரியும். நான் போடவில்லை. இந்த மாதிரி இடத்துக்கென்றே இப்போது கிட்டில் 'டெஸ்ட்_கிரெப்' என்று ஒன்று இருக்கிறது. ஃபைல் இல்லையென்றால் அது சத்தம் போடும்.

அன்றிலிருந்து எந்த ஸ்கிரிப்ட் வந்தாலும் முதலில் அதைக் கெடுத்துப் பார்க்கிறேன். சி தெரிய வேண்டும் என்றில்லை. பிராஞ்சை அழிக்கும் வரியையே எடுத்துவிட்டு ஓட்டுங்கள். "நாட் ஓகே" வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுப்பது. கிட் கட்டளையைப் பைப்பின் இடதுபக்கம் வைத்தால், கிட் நடுவில் செத்து விழுந்தாலும் வெளியே தெரியாது, வலதுபக்கம் இருக்கும் கிரெப்பின் முடிவு மட்டும்தான் கணக்கு. அதேபோல், தோற்க வேண்டிய கிட் கட்டளைக்கு வெறும் ஆச்சரியக்குறி போடக்கூடாது. முறையாகத் தோற்றதா, கிராஷ் ஆனதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்' என்பது அதற்காகவே இருக்கிறது. வரிக்கு வரி && சங்கிலி (முந்தைய கட்டளை வென்றால் மட்டும் அடுத்ததை ஓட்டுவது) அறுந்திருக்கிறதா என்று கண்ணை உறுத்திக்கொள்ளத் தேவையில்லை, அதைப் பிடிக்கத் தானியங்கிச் சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: சோதனைகள் ஓடும் 'ட்ராஷ் டைரக்டரி'யின் பெயரில் வேண்டுமென்றே ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஃபைல் பாதையைச் சுற்றி மேற்கோள்குறி போட மறந்தால் ஷெல் அதை இரண்டாகப் பிரித்துவிடும், மறந்தவன் அங்கேயே மாட்டுவான். இதை யோசித்த ஆளுக்கு ஒரு டிகிரி காபி வாங்கித் தர ஆசை.

சி தெரிந்தவர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். நிரலின் உள்ளே என்ன நடக்கிறது என்று புரியாமல் முழு ரிவ்யூ செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நான் முழு ரிவ்யூ செய்வதாகச் சொல்லவே இல்லை. "சோதனைப் பகுதியை மட்டும் பார்த்தேன்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். என் ஆங்கிலமும் சுமார்தான். இதுவரை யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

வீட்டில்தான் குறை. "ஏன் தம்பி, ராத்திரி முழுக்க இதைப் பார்க்கிறியே, காசு ஏதும் தராங்களா?" என்று அப்பா கேட்டார். "இல்லப்பா" என்றேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாளைக்கு நீ நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போ" என்றார்.

போனேன். சம்பா நெல், ரோட்டோரம் இரண்டு நாள் காயவைத்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கருவி 19 காட்டியது. மறுநாள் அதே குவியலிலிருந்து அள்ளிக்கொண்டு போனால் 16. ராத்திரி முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த நெல் அது, எப்படிக் காய்ந்திருக்கும்? "இந்தக் கருவி சரியா காட்டுதான்னு எப்பண்ணே பார்த்தீங்க?" என்று கேட்டேன். அங்கே இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நடுவில் ஒரு தூறல் வேறு, அடியில் கிடந்த நான்கு சிப்பம் நனைந்துபோனது. இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், வேறு எங்கே சொல்வது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மொத்தச் சோதனையையும் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள், பழைய லேப்டாப்பில் விடிந்துவிடும். கிட்டை பில்ட் செய்துவிட்டு, 3200-ம் எண் ஸ்கிரிப்டை, அதாவது பிராஞ்ச் சோதனையை மட்டும் '-வி -ஐ' போட்டு ஓட்டுங்கள் ('-ஐ' போட்டால் முதல் தோல்வியிலேயே நின்றுவிடும்). பிறகு அதில் ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எங்கள் ஊர் மாதிரி என்றால் கரண்ட் இருக்கும்போதே.