பத்திரிகை விளம்பரம் சம்மன் ஆகுமா?

கேள்வி: பென்னோயர் எதிர் நெஃப் வழக்கில், ஷெரீஃப் ஏலத்தில் போன நிலத்தை வாங்கிய பென்னோயருக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏன் உரிமை தரவில்லை? அறிவிப்புதான் பத்திரிகையில் வந்ததே! – சட்ட மாணவி, மதுரை

பதில்: ஜப்தி காலம் தப்பி நடந்ததுதான் காரணம். 1865 நவம்பரில் மிட்செல் என்ற வழக்கறிஞர், 300 டாலருக்கும் குறைவான ஃபீஸ் பாக்கிக்காக ஒரிகன் மாநில நீதிமன்றத்தில் மார்க்கஸ் நெஃப் மீது வழக்குப் போட்டார். நெஃப் வேறு மாநிலத்துக்குக் குடிபோயிருந்தார். சம்மன் நேரில் சார்வாகவில்லை, அதாவது அவர் கையில் கொடுக்கப்படவில்லை. ஆறு வாரம் பத்திரிகையில் வந்தது. 1866 பிப்ரவரியில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது பிரதிவாதி வராமலே வந்த தீர்ப்பு. அதன் பிறகே ஒரிகனில் இருந்த நெஃப்பின் நிலம் ஜப்தியாகி, ஆகஸ்டில் ஏலம் போனது. ஏலம் எடுத்த மிட்செல் அதைப் பென்னோயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

1874இல் நெஃப் நிலத்தை மீட்க ஃபெடரல் நீதிமன்றம் போனார். விளம்பரம் வெளியானதற்கான பிரமாணப் பத்திரத்தை அச்சகத்தார் தரவேண்டியிருக்க, ஆசிரியர் தந்தார் என்பது போன்ற குறைகளைக் காட்டி நீதிபதி டெடி நெஃப் பக்கம் தீர்த்தார். பென்னோயர் மேலே போனார். 1878இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீல்ட் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. ஆசிரியர் தந்த பிரமாணப் பத்திரமே போதும், விளம்பர உத்தரவுக்கான பிரமாணப் பத்திரத்தின் குறைகளை மூல வழக்கிலேயே மேல்முறையீடு போன்ற நேரடி வழியில் கேட்டிருக்க வேண்டும் என்றார். ஆனாலும் ஜெயித்தது நெஃப்தான். ஃபீஸ் பாக்கி ஆளின் மேலான கோரிக்கை, சொத்தின் மேலானதல்ல. மாநில எல்லைக்குள் சம்மன் சார்வாக வேண்டும், அல்லது அவரே ஆஜராக வேண்டும். இரண்டும் இல்லாததால் தீர்ப்பே செல்லாது. செல்லாத தீர்ப்பை எந்த வழக்கிலும் எதிர்க்கலாம்.

கேள்வி: மிட்செல் என்ன செய்திருக்க வேண்டும்? – வாசகர், திருச்சி

பதில்: வழக்கின் தொடக்கத்திலேயே நிலத்தை ஜப்தி செய்திருக்க வேண்டும். அப்போது விளம்பரமே போதும். ஆனால் ஜப்தியான சொத்தின் மதிப்புக்கு மேல் ஒரு டாலர்கூட வசூலிக்க முடியாது. 'எப்போது ஜப்தி செய்தால் என்ன?' என்று நீதிபதி ஹன்ட் மாறுபட்டார். ஃபீல்டின் பதில்தான் எனக்குச் சரியாகப் படுகிறது: தீர்ப்புக்குப் பிறகு ஜப்தி செய்தால் போதும் என்றால், இடையில் பிரதிவாதி சொத்தை விற்றுவிட்டால் தீர்ப்பு செல்லாது, விற்காவிட்டால் செல்லும் என்றாகும். தீர்ப்பு வந்த அன்றே அதன் கதி தெரிந்தாக வேண்டாமா?

மாணவர்கள் அடிக்கடி தவறவிடுவது ஒன்று: முறையான சட்ட நடைமுறையின்றி எந்த மாநிலமும் ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது என்னும் அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தையும் ஃபீல்ட் தன் தீர்ப்பில் பேசினார். அது வந்தது 1868இல், ஒரிகன் தீர்ப்போ 1866. ஆகவே அந்தத் திருத்தம் பற்றி ஃபீல்ட் எழுதியது பிந்தைய தீர்ப்புகளுக்குத்தான். 1945இல் 'குறைந்தபட்சத் தொடர்பு' விதி வந்தது: மாநிலத்தோடு போதிய தொடர்பு இருந்தால், எல்லைக்குள் சம்மன் சார்வாகாவிட்டாலும் பிரதிவாதி மீது அங்கே வழக்குப் போடலாம். சொத்து அங்கே இருப்பதை மட்டும் வைத்து, அதோடு சம்பந்தமில்லாத கடனுக்கு வழக்குப் போடும் வழியை 1977இல் அதே நீதிமன்றம் அடைத்தது.