அமெரிக்காவில் அறுவடைக் காலத்தில் பண்ணை வேலை, மற்ற மாதங்களில் டிரக் ஓட்டுவது: இரண்டும் ஒத்துவருமா?

ஒத்துவரும். கோதுமை அறுவடைக் குழுக்களே அதற்கு உதாரணம். மே மாதக் கடைசியில் டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் தொடங்கி, பயிர் முற்ற முற்ற கான்சாஸ், நெப்ராஸ்கா வழியாக ஆகஸ்டில் மொன்டானா வரை போவார்கள். அறுவடை இயந்திரத்தை டிரெய்லரில் ஏற்றி ஊர் மாற்றுவதும், வயலிலிருந்து தானியக் கிடங்குக்கு லோடு அடிப்பதும் டிரக்தான். அதனால் இரண்டும் தெரிந்த ஆளுக்கு எப்போதும் கிராக்கி.

ஆனால் உரிமத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சொந்த விளைச்சலைப் பண்ணையிலிருந்து 150 மைலுக்குள் கொண்டுபோகும் விவசாயிக்கு வணிக ஓட்டுநர் உரிமம் (சிடிஎல்) தேவையில்லை என்று மாநிலங்கள் விலக்கு தரலாம். அதை நம்பி குளிர்காலத்தில் வாடகை லோடு எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை (லோடும் சேர்த்து) 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் சிடிஎல் கட்டாயம். முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வேலை நேரம். வழக்கமாக 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். மாநிலம் அறிவிக்கும் விதைப்பு, அறுவடைக் காலங்களில், விளைபொருள் ஏற்றிய இடத்திலிருந்து 150 வான் மைலுக்குள் (நேர்கோட்டில் அளக்கும் தூரம், சுமார் 278 கி.மீ.) இந்த வரம்பு இல்லை. சலுகை தருவது சட்டம்தான், தூக்கம் இல்லை!