விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடலாமா?

வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மேல் வரிசையின் இரு பக்கமும் கோரைப்பற்கள் ஈறின் மேல்பகுதியில் தெத்துப்பற்களாக முளைத்து வருகின்றன. 7 வயதில் சொத்தைக்காக மேல் வரிசையின் பால் கடைவாய்ப்பற்களை எடுத்தோம். எப்படியும் விழப்போகும் பற்கள்தானே என்று அப்போது கவலைப்படவில்லை. இப்போது கிளிப் போட வேண்டும், அதற்கு நல்ல பற்கள் நான்கை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று என் மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: காரணத்தின் பெரும்பகுதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 6 வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. முன்னால் இருக்கும் பால் பல் தடுப்பாக நிற்கும் வரை அது தன் இடத்தில் இருக்கும். அந்தத் தடுப்பை 7 வயதிலேயே எடுத்துவிட்டால், சில மாதங்களிலேயே அது முன்னோக்கி நகர்ந்து, பின்னர் வரவேண்டிய பற்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேல் தாடையில் கோரைப்பல் பெரும்பாலும் 11 அல்லது 12 வயதில், அக்கம்பக்கத்துப் பற்கள் முளைத்த பிறகே இறங்குவதால், பந்திக்குக் கடைசியாக வந்தவருக்கு இலை கிடைக்காததைப் போல, அதற்கு வரிசையில் இடமில்லாமல் போகிறது. பல்லை எடுத்த கையோடு, அந்த இடத்தைக் காக்கும் சிறிய கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தியிருந்தால் இந்த நெருக்கடி வெகுவாகக் குறைந்திருக்கும். பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லாமல் பால் பல்லை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவது இன்னும் நடக்கிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆனாலும் பால் பல் இழப்பு ஒன்றுதான் காரணம் என்று நேரில் பார்க்காமல் முடிவு கட்டிவிட முடியாது. தாடையின் அளவுக்குப் பற்களின் அகலம் பொருந்தாதது, தாடை எலும்புக்குள் மறைந்திருக்கும் கூடுதல் பல், மூக்கடைப்பால் பழகிப்போன வாய்வழிச் சுவாசம் ஆகியவையும் சேர்ந்திருக்கலாம். அதனால்தான் கிளிப் ஒட்டுவதற்கு முன், பற்களின் அச்சு, முகத்தின் புகைப்படங்கள், எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே, தாடைகள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பக்கவாட்டில் காட்டும் எக்ஸ்ரே ஆகியவற்றை எடுத்து அளக்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்து பார்த்த ஐந்து நிமிடத்தில் பற்களை எடுக்க நாள் குறிக்கப்பட்டால், இன்னொரு பல் சீரமைப்பு நிபுணரின் கருத்தையும் கேளுங்கள்.

நான்கு பற்களை எடுப்பதா என்பது அந்த அளவைப் பொறுத்தது. ஒரு தாடையில் இடப்பற்றாக்குறை 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாகப் பல்லை எடுக்காமலேயே சமாளித்துவிடலாம். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் எடுக்காமல் வரிசைப்படுத்துவது அரிது. இடைப்பட்ட நிலையில் உதடுகளின் அமைப்பு, ஈறின் தடிமன், தாடை வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்தே முடிவெடுக்கிறோம். இதற்காகப் பெரும்பாலும் எடுக்கப்படுவது, கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் இருக்கும் முன்கடைவாய்ப்பல். அதன் அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் என்பதால், இரு பக்கமும் ஒவ்வொன்றை எடுத்தால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். உங்கள் மகளுக்கு முன்னே நகர்ந்துவிட்ட கடைவாய்ப்பல்லைப் பின்னுக்குத் தள்ளியே இடத்தை மீட்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் 12 வயதை ஒட்டி முளைத்துவிடும். அதற்கு முன் இந்த வேலை எளிது. எல்லாப் பற்களும் முளைக்கட்டும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் மாமியாரின் அச்சம் பல வீடுகளில் உள்ளதுதான். மேல் பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை கெடாது என்பதை அவரையும் உடன் அழைத்துச் சென்று மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. விரல் சூப்புகிறான். பல் எடுப்பாகிவிடுமா?

பதில்: நிரந்தர முன்பற்கள் முளைக்கும் 6, 7 வயதுக்கு முன் பழக்கம் நின்றுவிட்டால், முன்பற்களில் ஏற்பட்ட இடைவெளி பெரும்பாலும் தானாகவே சீராகிவிடும். அடிப்பதும் விரலில் வேப்பெண்ணெய் தடவுவதும் வேண்டாம். தூங்கும் முன் அருகில் அமர்ந்து கதை சொல்லி அவன் கைக்கு வேறு வேலை கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. கல்லூரிக் காலத்தில் கிளிப் போட்டு வரிசையாக்கிய கீழ் முன்பற்கள் மறுபடியும் கோணலாகின்றன. ஞானப்பல்தான் காரணமா?

பதில்: ஞானப்பல்லின் மீது பழி போடுவது வழக்கமாகிவிட்டது, முன்பற்கள் நெருக்கமாவதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கிளிப்பைக் கழற்றிய பிறகும் பல்லைச் சுற்றியுள்ள ஈறின் நார்கள் புதிய நிலைக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். கீழ் முன்பற்களோ வயது கூடும்போது, கிளிப் போடாதவர்களுக்கும்கூட, மெல்ல நெருங்கத்தான் செய்யும். கிளிப்பைக் கழற்றிய பின் பற்கள் நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னரை அணிவதை நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள் என்றே எண்ணுகிறேன். ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் இந்த வயதில் மறுபடியும் சரிசெய்யத் தடையில்லை. முதலில் பற்களைச் சுத்தம் செய்து ஈறு நோய் இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பழைய எக்ஸ்ரேவோ பல் அச்சோ வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை முடிந்ததும் கீழ் முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டச் சொல்லி, அதன் அடியில் காரை படியாமல் எப்படிச் சுத்தம் செய்வது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.